யுவராணி பொய் சொல்லவில்லை

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் ஒரு கம்பெனியில் யுவராணி செக்கராக இருந்தாள். தைத்து வரும் சட்டையை மேசைமேல் விரித்து, காலரில் தொடங்கி, கைமடிப்பு, பட்டன், கீழ்மடிப்பு என்று ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும். தையல் விட்டுப்போயிருந்தால் அந்த இடத்தில் ஒரு சின்ன அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். மணிக்கு அறுபது சட்டை. பதினோரு வருஷம் அந்த வேலையைப் பார்த்தாள். அவள் பார்த்து அனுப்பிய பெட்டி எதுவும் அதுவரை திரும்பி வந்ததில்லை. "யுவராணி கண்ணுக்குத் தப்பி ஒரு நூல் கூட வெளிய போவாது" என்று சூப்பர்வைசரே சொல்வார்.

முப்பத்தேழாவது வயதில் முதலில் காணாமல் போனவை பட்டன்கள். நடுப் பட்டனை நேராகப் பார்த்தால் அந்த இடத்தில் வெறும் துணிதான் இருந்தது. முகத்தைச் சற்றுத் திருப்பினால் பட்டன் அங்கேயே இருந்தது. ட்யூப்லைட் சரியில்லை என்று நினைத்து மேசையை மாற்றிக் கேட்டாள். மாற்றிக் கொடுத்தார்கள். அங்கேயும் பட்டன் போய்ப் போய் வந்தது. பிறகு பஸ்ஸின் நம்பரில் நடு இலக்கம் போயிற்று. அரிசியில் கல் போயிற்று.

அடுத்த வருஷம் ஒரு பெட்டி திரும்பி வந்தது. நாற்பது சட்டைகளில் தையல் விட்டிருந்தது. எல்லாவற்றிலும் அவளுடைய செக்கர் நம்பர்.

சூப்பர்வைசர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "ஊட்ல எதனா பிரச்சனையாம்மா?"

"இல்ல சார். கண்ணு சரியா தெரியல."

"நடந்து வர்றே, போறே. மெஷினு சந்துல பூந்து போறே. கண்ணு தெரியலன்னா எப்படிம்மா?"

 அவர் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது. சுற்றிலும் எல்லாம் தெரிந்தது. எதைப் பார்க்க வேண்டுமோ அது மட்டும்தான் தெரியவில்லை. அவளை நூல் வெட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே நூலோடு துணியையும் இரண்டு முறை வெட்டிவிட்டாள். ஒரு சனிக்கிழமை, யாரும் சொல்லும் முன்பே, கத்தரியை மேசையில் வைத்துவிட்டு அவளாகவே வேலையிலிருந்து நின்றுகொண்டாள்.

புருஷன் ஞானசேகரன் அதே எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவர். கெட்டவர் இல்லை. அரை நாள் லீவு போட்டு அவளைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனார். முதல் இடத்தில் கண்ணாடி மாற்றினார்கள். இரண்டாவது இடத்தில் கண்ணுக்கு உள்ளே போட்டோ எடுத்து, கம்ப்யூட்டரில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டத்தைக் காட்டினார்கள். "பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு. ஒரு குறையும் இல்ல" என்றார் டாக்டர். மூன்றாவது டாக்டர் போட்டோவையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த ஒரு குண்டூசியைக் கை தவறியதுபோலக் கீழே போட்டார்.

"கொஞ்சம் எடுத்துக் கொடுங்கம்மா."

யுவராணி குனிந்தாள். முகத்தைப் பக்கவாட்டில் திருப்பினாள். ஊசி தெரிந்தது. எடுத்துக் கொடுத்தாள்.

டாக்டர் ஞானசேகரனைப் பார்த்துச் சிரித்தார். அவளை வெளியே உட்காரச் சொன்னார். உள்ளே அவர் பேசியது கதவு வழியாக அவளுக்குக் கேட்டது. "கண்ணுல ஒண்ணும் இல்ல. மனசுல எதோ இருக்கு. வேலைக்குப் போகப் பிடிக்கலேன்னா சில பேருக்கு இப்படி வரும். அதுக்குத் தனி டாக்டர் இருக்காங்க."

ஞானசேகரன் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுச் சொன்னார்: "மூணு டாக்டர் கண்ணு நல்லா கீதுன்றாங்க. நீ ஒருத்தி இல்லேன்றே. நான் யாரத்தான் நம்பறது?"

"நான் ஏன் பொய் சொல்லப் போறேன்?"

"அதத்தான் நானும் கேக்கறேன். முதல்ல என் மூஞ்சியப் பாத்து பேசு. எப்பப் பாரு செவுத்தப் பாத்துகினு பேசறே."

அவள் அவரை நேராகப் பார்க்க முயன்றாள். தலைமுடி தெரிந்தது, பனியன் கழுத்து தெரிந்தது. இரண்டுக்கும் நடுவே கண்ணும் மூக்கும் வாயும் இருக்க வேண்டிய இடத்தில் ஈரக்கையால் துடைத்துவிட்டதுபோல இருந்தது. பயந்துபோய்ப் பார்வையை அவர் காதுக்கு நகர்த்தினாள். உடனே முகம் வந்தது. அந்த முகத்தில் கோபம் இருந்தது.

"பாத்தியா, திருப்பிக்கினே!" என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் மெதுவாக நடந்தது. ஆவடியில் ஒரு கல்யாணத்தில் ஞானசேகரனின் அக்கா எதிரே வந்து சிரித்துக்கொண்டே நின்றிருக்கிறார். யுவராணி அவரைத் தாண்டிப் போய்விட்டாள். அந்த அம்மா மண்டபத்திலேயே உட்கார்ந்து அழுதார். "வேல போனாலும் திமிரு போவல" என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். தெருவிலும் அப்படித்தான். சிரித்தவர்களுக்கு அவள் பதிலுக்குச் சிரிக்கவில்லை. ஒரு முறை பார்த்தார்கள், இரண்டு முறை பார்த்தார்கள், பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். அதுவும் அவளுக்கு உடனே தெரியவில்லை. பேச்சு குறைந்தபோதுதான் தெரிந்தது.

ஞானசேகரனின் கம்பெனி ஒரகடத்துக்கு இடம் மாறியது. அங்கேயே ஒரு ரூம் எடுத்துத் தங்கினார். வாரம் ஒரு முறை வந்தார். பிறகு மாதம் ஒரு முறை. பிறகு தீபாவளிக்கு வந்தார். சண்டை போட்டுக்கொண்டு அவர் போகவில்லை. சண்டை போட்டிருந்தால் இந்தத் தேதியிலிருந்து இவர் இல்லை என்று சொல்லவாவது முடிந்திருக்கும் என்று அவள் நினைத்ததுண்டு. மகள் சௌம்யா வேலூரில் நர்ஸிங் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போனாள். கள்ளிக்குப்பத்தில் மாடிப் போர்ஷனில் யுவராணி மட்டும் இருந்தாள்.

பக்கத்துத் தெருவில் ரப்பர் வாஷர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அச்சிலிருந்து வரும் வாஷரின் ஓரத்தில் இருக்கும் பிசிரை விரலால் தடவிப் பார்த்துக் கிள்ளிப் போட வேண்டும். கண் தேவையில்லை. காலையில் போய் மாலையில் வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் காலையிலிருந்து பொழுது சாயும்வரை அவள் குரலை அவளே கேட்டிருக்க மாட்டாள். தெருவில் கீரைக்காரம்மா வந்தால் கீழே இறங்கிப் போய் வேண்டாத முளைக்கீரையை ஒரு கட்டு வாங்குவாள். விலை கேட்பாள், மழை வருமா என்று கேட்பாள். அந்த அம்மா அடுத்த வீட்டுக்குப் போனதும் மேலே வந்துவிடுவாள்.

அவளுக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. மூன்று டாக்டர்களும் புருஷனும் ஊரும் ஒன்றைச் சொல்லும்போது தான் மட்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? உண்மையிலேயே மனசுதானோ? தினமும் காலையில் கண் விழித்ததும், பாயில் படுத்தபடியே, ஓடாமல் நிற்கும் மேல் ஃபேனின் நடுவட்டத்தை நேராகப் பார்ப்பாள். மூன்று இறக்கைகள் இருக்கும். நடுவட்டம் இருக்காது. "இல்ல, போய்த்தான் கீது" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு எழுந்திருப்பாள். பட்டன் முதலில் காணாமல் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது.

2022இல், கள்ளிக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண் முகாம் நடந்தது. ரப்பர் கம்பெனியிலிருந்து எல்லோரையும் அனுப்பினார்கள் என்பதால்தான் யுவராணி போனாள். ரேணுகா என்ற பெண் பரிசோதித்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும் என்று குரலை வைத்து யுவராணி நினைத்தாள். ரேணுகா ஒரு கட்டம் போட்ட தாளைக் கையில் கொடுத்தாள்.

"நடுவுல ஒரு கருப்புப் புள்ளி இருக்கு. தெரியுதாக்கா?"

யுவராணி தாளை இடமும் வலமும் நகர்த்திப் பார்த்தாள். பிறகு, எப்படியும் நம்பப் போவதில்லை என்ற தைரியத்தில், உள்ளதைச் சொன்னாள். "நேரா பாத்தா இல்ல. ஓரமா பாத்தா கீது."

"கட்டம்?"

"நடுவுல நாலு கட்டம் இல்ல. சுத்தி எல்லாம் கீது."

ரேணுகா பேனாவை அவள் கையில் கொடுத்தாள். "எவ்வளவு தூரம் இல்லேன்னு வரைஞ்சு காட்டுங்க." யுவராணி வரைந்தாள். இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு.

"எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"ஆறு வருஷம்."

"யார்கிட்டயும் காட்டலியா?"

"காட்டினேன். கண்ணு நல்லா கீதுன்னாங்க." குண்டூசியைப் பற்றிச் சொல்லவில்லை.

ரேணுகா ஒரு சீட்டு எழுதினாள். காட்டுப்பாக்கம் தாண்டி, பூந்தமல்லி போகும் வழியில் இருந்த அவர்களுடைய ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாள். "கண்டிப்பா வாங்கக்கா. நான் அங்கதான் இருப்பேன்."

அங்கே டாக்டர் ஸ்ரீராம் முதலில் ஒரு ஸ்கேன் எடுத்தார். லேசர் ஒளியால் கண்ணின் பின்பக்கத் திரையை, வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கினால் தெரிவதுபோல, அடுக்கு அடுக்காகக் காட்டும் ஸ்கேன். சரியாக நடுவில் ஓர் அடுக்கின் கோடு மட்டும் மங்கிக் கிடந்தது. மற்றவர்கள் எடுத்த போட்டோவில் இது தெரிந்திருக்க வழியில்லை என்றார் அவர். ஆராய்ச்சி அறையில் இன்னொரு மெஷின் இருக்கிறது, அதில் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்கலாம், சம்மதமா என்று கேட்டார். சம்மதப் படிவம் முழுவதையும் ரேணுகா வாசித்துக் காட்டினாள். யுவராணி கையெழுத்துப் போட்டாள். பழக்கத்தில் கை தானாகப் போயிற்று.

அந்த அறை இருட்டாக இருந்தது. பெரிய மேசைமேல் கண்ணாடிகளும் லென்ஸ்களும் அடுக்கி, மேலே கருப்புத் துணி போட்டு மூடியிருந்தது. முகவாயை வைக்க ஓர் இடம், நெற்றியைச் சாய்க்க ஒரு பட்டை. கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள்.

"லேசருன்னா சுட்டுடுமே?" என்று கேட்டாள் யுவராணி.

"இது சுடற லேசர் இல்லக்கா. பாக்கற லேசர். ரொம்பக் கம்மி வெளிச்சம். ஒண்ணும் பண்ணாது."

மங்கலான சிவப்புச் சதுரம் ஒன்று தெரிந்தது. மற்றவர்களை ஒரு சின்னப் புள்ளியைப் பார்க்கச் சொல்வார்கள். இவளுக்கு அந்தப் புள்ளி தெரியாது என்பதால் ரேணுகா ஒரு பெரிய வளையத்தை வைத்துக் கொடுத்தாள். "வளையத்துக்கு நடுவுல ஒண்ணும் இல்லாத இடத்தப் பாருங்க. அது போதும்." கண் ஆடிக்கொண்டே இருக்கும் என்றும், ஒரு நேரத்தில் கடுகளவு இடத்தைத்தான் எடுக்க முடியும் என்றும், அப்படி எடுத்த நூறு துண்டுகளைக் கம்ப்யூட்டரில் ஒட்டுப்போட்டு ஒரே படமாக்க வேண்டும் என்றும் சொன்னாள். ஒட்டுத் தையல் மாதிரி என்று யுவராணி புரிந்துகொண்டாள்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. "இப்ப இமைக்கலாம்... இப்ப அசையாதீங்க... நல்லா பண்றீங்க... கழுத்து வலிக்குதாக்கா? கொஞ்சம் நிறுத்தட்டுமா?" இருட்டில் அந்தக் குரல் அவள் பக்கத்திலேயே இருந்தது. வலித்தாலும் யுவராணி நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு மனுஷி இவ்வளவு நேரம் தன்னையே கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருந்து எத்தனை வருஷம் ஆகிறது என்று அவள் எண்ணிப் பார்த்தாள். முடிந்தது என்று ரேணுகா விளக்கைப் போட்டபோது ஏமாற்றமாக இருந்தது.

பத்து நாள் கழித்துப் படம் தயாராயிற்று. ஸ்ரீராம் அதைப் பெரிய திரையில் போட்டார். முதலில் நல்ல கண் உள்ள ஒருவருடைய படம். சாம்பல் நிறத்தில், கேழ்வரகைப் பரப்பிக் காய வைத்ததுபோல, நெருக்கமாக வெள்ளைப் புள்ளிகள். "ஒவ்வொரு புள்ளியும் ஒரு செல். கூம்பு செல்லுன்னு சொல்வோம். எழுத்துப் படிக்கறது, முகம் பாக்கறது எல்லாம் இதாலதான்." அடுத்து அவளுடைய படம். யுவராணி திரைக்குப் பக்கத்தில் போய், முகத்தைச் சாய்த்துப் பார்த்தாள். ஓரங்களில் கேழ்வரகு இருந்தது. நடுவே வர வர மணிகள் குறைந்து, அங்கங்கே கருப்பாக, வாரி எடுத்ததுபோல் வெறுமையாக இருந்தது. அவள் கட்டத் தாளில் வரைந்த அதே வடிவம்.

"சாதா போட்டோல இவ்வளவு சின்ன சமாச்சாரம் தெரியாது. அதனால அந்த டாக்டர்களுக்குத் தெரியல. நீங்க பொய் சொல்லலம்மா."

"இன்னொரு தபா சொல்லுங்க சார்."

"எதை?"

"கடைசியா சொன்னத."

ஸ்ரீராம் அவளைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "நீங்க பொய் சொல்லல."

அவள் தலையாட்டினாள். ரேணுகா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மருந்து இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. முழுவதும் இருட்டாகாது, ஓரப் பார்வை நிற்கும், நடுவில் இன்னும் கொஞ்சம் போகலாம் என்றார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் எவ்வளவு போகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். அவளுக்கு உடனே பலன் இல்லாவிட்டாலும், பின்னால் மருந்து கண்டுபிடிப்பவர்களுக்கு உதவும். பிறகு கேட்டார்: "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்துதா? இது பரம்பரையா வர்றது."

யுவராணிக்கு அவள் அப்பா வேம்புலி நினைவுக்கு வந்தார். கொரட்டூரில் மற்றவர் வயலில் வேலை செய்து, பிறகு எஸ்டேட்டில் மூட்டை தூக்கியவர். கடைசிக் காலத்தில் சம்பந்திகள் எதிரே வந்தாலும் கண்டுகொள்ளாமல் போவார். குடித்துவிட்டுப் போகிறார் என்பார்கள். அவர் குடித்ததே இல்லை. யுவராணியும் ஒருநாள் அவரைத் திட்டியிருக்கிறாள்.

ஞானசேகரனுக்கு ஃபோன் செய்தாள். அவர் ஒரகடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கே வந்தார். ஸ்ரீராம் அதே படத்தை அவருக்கும் காட்டினார். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார்.  திரும்பும்போது பஸ்ஸில் அவள் பக்கத்து சீட் காலியாக இருந்தும் முன்சீட்டில் உட்கார்ந்தார். இறங்கும்போதுதான் பேசினார்.

"டாக்டருங்க சொன்னதத்தான நான் நம்பினேன் யுவராணி."

"ஆமா."

"நான் ஒண்ணும் வேணும்னு பண்ணல."

"தெரியும்."

திரும்பி வந்துவிடுகிறேன் என்றார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. அதன்பின் மாதம் ஒரு ஞாயிறு வருகிறார். வாசலிலேயே "நான்தான்" என்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே வருவார். கறி வாங்கி வருவார். சாப்பிடுவார்கள். பேசும் பழக்கம் இருவருக்கும் விட்டுப்போயிருந்தது. மூன்று மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்.

சௌம்யாவிடம் ஃபோனில் சொன்னாள். நர்ஸிங் படிக்கும் பெண்ணுக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. 

"எனக்கும் வருமாம்மா?"

"வரலாம், வராமயும் போலாம். பாதிக்குப் பாதின்னு சொன்னாங்க."

"நான் இப்ப பாக்க வேணாம்மா. படிப்பு முடியட்டும்."

"சரிம்மா."

"உங்கள நான் ஒரு நாளும் பொய்யின்னு நெனச்சதில்ல" என்றாள் சௌம்யா. அது முழு உண்மை இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

அண்ணன் ஒருவன்தான் பாக்கி. கிருபாகரன், கொரட்டூரில் ஏரிக்குப் பக்கத்தில் வீடு. அம்பத்தூரில் ஷேர் ஆட்டோ ஓட்டினான். தங்கை வேலையை விட்டபோது "நோவாம சோறு துன்னணும்னு பாக்குது" என்று பேசியவர்களில் அவனும் ஒருவன். அதனால் நான்கு வருஷமாகப் போக்குவரத்து இல்லை. யுவராணி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனாள். அண்ணி ராஜம்மா டீ போட்டுக் கொடுத்தாள். யுவராணி நடந்ததையெல்லாம் சொல்லி, நீயும் ஒருமுறை வந்து பார்த்துக்கொள் என்றாள்.

"எனுக்கு இன்னா? எனுக்குக் கழுகுக் கண்ணு" என்றான் கிருபாகரன். "நீ வேணா போ. என்ன வுடு."

அவன் பேசும்போது அவன் முகம் அவளை நோக்கி இல்லை. சற்றே சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. எவ்வளவு திரும்ப வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அதே அளவுதான் திரும்பியிருந்தது.  யோசிக்காமல் கேட்டுவிட்டாள்.

"அண்ணா, என் மூக்குத்தி எப்படி கீது?"

"இன்னா இப்ப?"

"சும்மா சொல்லேன். புதுசு."

"நல்லாத்தான் கீது. கல்லு வச்சதா?"

யுவராணி மூக்குத்தியைக் கழற்றி வைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. டம்ளரை எடுக்க வந்த ராஜம்மா அப்படியே நின்றாள். நாத்தனாரின் வெறும் மூக்கைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"யோவ்," என்றாள் மெதுவாக. "அதுக்கு மூக்குத்தியே இல்லய்யா."

 கேட்டிருக்கக் கூடாது என்று யுவராணிக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த டாக்டர் குண்டூசியைப் போட்டதுபோலத்தான் தானும் செய்திருக்கிறோம், அதுவும் அவன் பெண்டாட்டி எதிரிலேயே என்று தோன்றியது.

கிருபாகரன் லுங்கியை இழுத்துவிட்டுக்கொண்டான். "ரெண்டு வருஷமா கீது" என்றான். "ரோடு மனப்பாடம். ஓரம் தெரியுது, வண்டிங்க தெரியுது. ஆளு மட்டும் திடீர்னு வந்து நிக்கறான். போன மாசம் ஒரு ஸ்கூல் பொண்ணு சைக்கிள ஒரசிட்டேன். அடி இல்ல. அதுலேந்து தூக்கம் இல்ல." பிறகு சத்தமாக, "ஓட்டாம இன்னா பண்றது? இன்னா பண்றது சொல்லு!" என்றான்.

அந்த வாரமே ராஜம்மா அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். அதே இருட்டறை, அதே வளையம், அதே படம். அவனுக்கு நடுவில் இன்னும் கொஞ்சம் மணிகள் மீதி இருந்தன. ஆனால் வண்டி ஓட்டக் கூடாது என்று ஸ்ரீராம் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார். ஆட்டோ கைமாறியது.

ஆஸ்பத்திரி வாசலில் கிருபாகரன் தங்கையிடம் சொன்னான்: "நீ வராம இருந்தா நான் பாட்டுக்கு ஓட்டிகினு இருந்திருப்பேன்."

"யாரயாச்சும் இடிச்சிருப்பே."

"அது என் தலையெழுத்து."

"இடிபட்டவன் தலையெழுத்தும்தான் அண்ணா."

அவன் ரோட்டைப் பார்த்து நடந்துவிட்டான். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் பேசவில்லை. ராஜம்மா மட்டும் ஒருமுறை ஃபோன் செய்து, "நீ நல்லதுக்குத்தான் செஞ்சே, ஆனா ஊட்ல அடுப்பு எரியணும்ல" என்று அழுதுவிட்டு வைத்தாள். பிறகு அவனுக்கு ஒரு குடோனில் மூட்டை எண்ணி ஏற்றும் வேலை கிடைத்ததாக யுவராணி கேள்விப்பட்டாள். அப்பாவின் வேலை. ஆஸ்பத்திரிக்கு அவன் மறுபடி வரவில்லை. யுவராணி தனியாகவே போய் வந்தாள். ஒவ்வொரு முறையும் ரேணுகா பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தெந்த மணி போயிற்று என்று சொல்வாள். யுவராணி கேட்டுக்கொள்வாள்.

போன வருஷம் ஆடி மாதம், சௌம்யாவைப் பார்க்க வேலூர் போவதற்காக, யுவராணி காலையில் அம்பத்தூர் ஸ்டேஷனில் அரக்கோணம் வண்டிக்கு நின்றாள். கூட்டம் இருந்தது. பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். கால் மணி நேரம் கழித்து வண்டி வந்தது, ஏறிவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் வீடு திரும்பிக் கால் கழுவிக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது.

"பாப்பா."

அந்தக் குரலில் அந்தக் கூப்பிடுதலை அவள் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. "சொல்லுண்ணா."

"நேத்து காலைல ஸ்டேஷன்ல மஞ்சப் பொடவல நின்னது நீயா?"

"ஆமா. உனுக்கு யார் சொன்னா?"

"நானும் ராஜம்மாவும் அங்கதான் நின்னோம். அது டிக்கெட் எடுக்கப் போச்சு. திரும்பி வந்தா நாம ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்னுகினு கீறோமாம். சண்ட போட்டுகினு பேசாம கீறோம்னு நெனச்சிகினு அதுவும் ஒதுங்கி நின்னுட்டுது. இன்னிக்குத்தான் கேட்டுது, தங்கச்சிகிட்ட ஒரு வார்த்த பேசக்கூடாதான்னு. நீன்னு எனுக்குத் தெரியல பாப்பா."

"எனுக்கும் தெரியலண்ணா. பேசியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"யாருன்னு தெரியாம யார்கிட்ட பேசறது?"

 அவன் மூச்சு விடுவது கேட்டது. தெருவில் யாரோ பைக்கை முறுக்கிக்கொண்டு போனார்கள்.

"ஆஸ்பத்திரிக்கு எப்பப் போறே?" என்றான்.

"பதினாலாம் தேதி."

"ஒத்தயாவா போறே?"

"எப்பவும் ஒத்தயாத்தான் போறேன்."

"அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுல டீக்கடைகிட்ட நில்லு. நானே வந்து பேர் சொல்லிக் கூப்பிடறேன். நீ பாட்டுக்கு யார் பின்னாடியாச்சும் போயிடாதே."

பதினான்காம் தேதி அவள் அரை மணி நேரம் முன்பே போய் டீக்கடை ஓரமாக நின்றாள். எட்டரைக்கு அவன் அவள் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டான். சரியாக அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேறு யாரோ ஒரு மஞ்சள் புடவையைப் பார்த்து. அவள் போய் அவன் முழங்கையைத் தொட்டாள். பூந்தமல்லி பஸ் எது என்று அங்கே நின்ற ஒரு கல்லூரிப் பெண்ணைக் கேட்டார்கள். அந்தப் பெண் போர்டைப் படித்துச் சொன்னாள். ஒருவர் பின் ஒருவராக ஏறி, பின்பக்கம் இரண்டு சீட் சேர்ந்தாற்போல் கிடைத்ததில் உட்கார்ந்தார்கள்.